வெயில் ரூமில் ஒரு ஸ்டூல்

மடியில் டிபன் பாக்ஸ். வாயில் தயிர்சாதம். அடுத்த வாய்க்கு மாங்காய்த் துண்டை எடுக்கப் போன நேரத்தில்தான் அந்த மெக்கானிக் கதவைத் திறந்தார்.

முழுதாக உள்ளே வரவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அவர் சட்டைப் பையில் மாட்டியிருந்த சின்ன மஞ்சள் கருவி கீச்சு கீச்சென்று கத்த ஆரம்பித்தது. காது குடைகிற சத்தம்.

"உங்க போன் அடிக்குது பாருங்க" என்றேன்.

அவர் போனை எடுக்கவில்லை. என்னையும் டிபன் பாக்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், இங்கயா ஊட்டா பண்றீங்க? மொதல்ல வெளிய வாங்க. பேகா, பேகா!" என்றார் கன்னடம் கலந்த தமிழில்.

"இருங்க, சாப்ட்டு வரேன். இன்னா அவசரம்?"

மனுஷர் கதவுக்கு வெளியே போய் ஒரு பெரிய மூச்சு இழுத்தார். வாயை இறுக்க மூடிக்கொண்டு உள்ளே பாய்ந்து வந்தார். என் மடியிலிருந்த டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஓடியே போய்விட்டார்.

சோற்றைப் பிடுங்கிக்கொண்டு போனால் சும்மா இருப்பேனா? "யோவ்!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். லாரி நிற்கிற இடம் வரை ஓடி அங்கேதான் நின்றார். 

"உள்ள உங்களைத் தொட்டு இழுக்கக்கூடாதுன்னு சோத்தை எடுத்துட்டு வந்தேன். சாரி மேடம். அந்த ரூம்ல காஸ் இருக்கு."

என் உயிரையும், அப்போது என் வயிற்றில் மூன்று மாதமாக இருந்த இன்னொரு உயிரையும் தயிர்சாதத்தைக் காட்டி வெளியே இழுத்துவந்த அந்த மனுஷர் பெயர் மஞ்சுநாத். பெங்களூர் பீன்யாவில் ஃபேன், மோட்டார் ரிப்பேர் செய்கிற கடையிலிருந்து வந்தவர். அந்த ரூம் ஃபேன் உறுமுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். அதைப் பார்க்க வந்த இடத்தில் என்னைப் பார்த்தார்.

ரெண்டு ஸ்வெட்டர் போட்டவளுக்குத்தான் தெரியும்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு நான் மர்பி டவுன்காரி என்பதும், பிழைப்புக்காகத் தினமும் ஊரின் அந்தக் கோடிக்கு, பொம்மசந்திராவுக்குப் போய்வந்தேன் என்பதும் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்காக இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நடந்து ரொம்ப வருஷம் ஆகவில்லை. பெண் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறாள்.

என் கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஊசி, குளுக்கோஸ் டியூப் இத்யாதிகளைப் பொட்டலம் கட்டி அனுப்புகிற கம்பெனி. பெயர் வேண்டாம். சம்பளம் ஒழுங்காகத் தந்தார்கள், தீபாவளிக்கு இனிப்பு தந்தார்கள், வேன் அனுப்பினார்கள். அந்த வேனில் சில்க் போர்டு சிக்னலில் உட்கார்ந்த நேரத்தையெல்லாம் சேர்த்தால் நான் இன்னொரு டிகிரி வாங்கியிருக்கலாம்.

பேக்கிங் ஹால் முழுக்க ஏ.சி. தூசு வரக்கூடாதாம். ஆடி மாதத்து பெங்களூர் தூறலில் நனைந்து வந்து, அந்த ஏ.சி.யில் தலைக்குத் தொப்பி, கைக்கு உறை மாட்டி நின்றால் பல் தந்தியடிக்கும். ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்த்தவளுக்குத்தான் அந்தக் குளிர் தெரியும்.

நாங்கள் கட்டிய பொட்டலங்களை அட்டைப் பெட்டியில் அடுக்கி ஒரு பெரிய இரும்பு அறைக்குள் தள்ளுவார்கள். அதற்குள் ஏதோ விட்டு கிருமியைக் கொல்வார்கள். அதை ஆண்கள் "ஈ.டி.ஓ." என்பார்கள். அது அந்த மெஷினின் பெயர் என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யாராவது ஆபீஸர் பெயரோ என்றுகூட ஒருத்தி கேட்டாள்.

அந்த இரும்பு அறையிலிருந்து வெளியே வருகிற பெட்டிகளை உடனே லாரியில் ஏற்றமாட்டார்கள். பக்கத்து ரூமில் அடுக்கி வைப்பார்கள். அந்த ரூமில் சூடான காற்று விடுவார்கள். "ஆறப் போடறோம்" என்று சொன்னார்கள். சூட்டில் எப்படி ஆறப் போடுவது என்று நாங்கள் கேட்கவில்லை. கம்பெனி முழுக்கத் தேடினாலும் கதகதப்பான இடம் அது ஒன்றுதான். நாங்கள் அதற்கு வெயில் ரூம் என்று பெயர் வைத்தோம்.

எங்களுக்கு அது சொர்க்கம். நனைந்த துப்பட்டாவை அங்கே பெட்டிகள் மேல் விரித்துப் போட்டால் மதியத்துக்குள் காய்ந்துவிடும். டிபன் பாக்ஸை அடுக்கி வைத்தால் சாப்பாட்டு நேரத்தில் வடித்த சோறு மாதிரி இதமாக இருக்கும். மேனேஜர் ஸ்ரீதர் சாரே ஒருநாள் தன் நனைந்த ஷூவைக் கொண்டுவந்து அங்கே வைத்துவிட்டுப் போனார். அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மாசமானவளுக்கு மரியாதை

எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. யாருக்காவது நாள் தள்ளிப்போனால் மறுநாளே அவளை நிற்கிற வேலையிலிருந்து எடுத்துவிடுவோம். வெயில் ரூமில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை தருவோம். உட்கார்ந்த வேலை, கதகதப்பு, யார் கண்ணும் படாது. கம்பெனி தந்த சலுகை இல்லை இது. பெண்கள் நாங்களே சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டி வாங்கியது. அதனால் எங்களுக்கு அதில் ஒரு கர்வம்கூட உண்டு.

இந்த மல்லுக்கட்டில் முன்னால் நிற்பவள் ஜெகதாக்கா. தர்மபுரிப் பக்கத்து ஆள். எங்கள் லைனில் மூத்தவள். சீல் போடுகிற மெஷின் அவள் கையில். வாயைத் திறந்தால் சூப்பர்வைசர் ரெண்டு அடி பின்னால் போவார். எனக்கு அவள் கூடப் பிறக்காத அக்கா. கோபம் வந்தால் என் தலையில் குட்டுகிற உரிமை என் அம்மாவுக்குப் பிறகு அவளுக்குத்தான் இருந்தது.

அந்த ஸ்டூலில் ஜெகதாக்காவும் ஒரு காலத்தில் உட்கார்ந்தவள்தான். ஐந்தாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்கப்புறம் அவளுக்குத் தங்கவே இல்லை. அதைப் பற்றி அவள் பேசமாட்டாள், நாங்களும் கேட்கமாட்டோம்.

நானும் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமாகி நாலைந்து வருஷம் கழித்து முதல் தடவை தரித்தபோது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வாரத்தைப் பற்றி எழுத இப்போதும் கை வரவில்லை, விட்டுவிடுங்கள்.

ஏன் கலைந்தது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம். பப்பாளி சாப்பிட்டாயா என்றார்கள். வேன் குலுக்கல் என்றார்கள். என் அம்மா ஒரே முடிவாகச் சொன்னாள்.

"உனுக்கு உடம்பு சூடு. சூட்டு உடம்புல எப்படிடி நிக்கும்?"

அவ்வளவுதான், தொடங்கியது வைத்தியம். விடிந்தால் ஊறவைத்த வெந்தயம். பதினோரு மணிக்கு இளநீர். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். சப்ஜா விதை போட்டு ஊறவைத்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்து, "இன்னாம்மா இது, தவளை முட்டையா?" என்று என் வீட்டுக்காரர் கௌதமன் கேட்டு அம்மாவிடம் திட்டு வாங்கினார். ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருக்க வேண்டியவள் என் அம்மா. எங்கள் ஏரியா தப்பித்தது, நான் மாட்டிக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். ஆனால் உள்ளுக்குள் நான் அதை நம்பினேன். என் உடம்புதான் என் குழந்தையைக் கொன்றது என்று நம்பினேன். கண்ணாடியில் என்னைப் பார்க்கவே பிடிக்காமல் போன நாட்கள் உண்டு.

ஜாலியில் ஒட்டிய அட்டை

மறுபடி நாள் தள்ளிப்போனபோது வீட்டில்கூடச் சொல்லாமல் முதலில் ஜெகதாக்காவிடம்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வாட்டி ஒண்ணும் ஆவாது. நான் பாத்துக்கறேன். நீ வாயை மூடிக்கினு நான் சொல்ற எடத்துல குந்து."

சூப்பர்வைசரோடு சண்டை போட்டு அன்றைக்கே ஸ்டூல் வாங்கிக் கொடுத்தாள். தன் வீட்டிலிருந்து ஒரு குஷன் கொண்டுவந்து போட்டாள். அந்த ரூமில் சுவர் உச்சியில் ஒரு ஜாலி, அதாவது காற்று வர விட்ட ஓட்டைச் சட்டம், இருந்தது. அதன் வழியாகச் சில்லென்று வெளிக்காற்று வரும். மாசமானவள் தலையில் குளிர்காற்று படலாமா? ஸ்டூல் மேலேயே ஏறி நின்று, பேக்கிங் அட்டையை வெட்டி, டேப் போட்டு அந்த ஜாலியை இறுக்க மூடினாள். இறங்கி வந்து, "இப்ப பாரு, வூடு மாதிரி இருக்கு" என்றாள்.

அப்படியே வீடு மாதிரிதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து லேபிள் ஒட்டினேன், அங்கேயே சாப்பிட்டேன். கொஞ்ச நாளில் தலைவலி வந்தது. வயிற்றைப் புரட்டியது. சாப்பிடுகிறது எல்லாம் நாக்கில் துருப்பிடித்த ஆணி மாதிரி ருசித்தது. மசக்கை என்றார்கள், நானும் சந்தோஷமாக வாந்தி எடுத்தேன். முதல் தடவை இவ்வளவு மசக்கை இல்லை, அதனால் இது நிற்கும் என்று ஜெகதாக்கா கணக்குப் போட்டாள்.

ஒரு விஷயம் மட்டும் கௌதமன் கவனித்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாந்தி வருவதில்லை. தலையும் வலிப்பதில்லை.

"வயித்துல இருக்கறது கவர்மென்ட் ஆபீஸ் ஆளு போல. சண்டே லீவு" என்றார்.

ரெண்டு பேரும் சிரித்தோம். அவர் சொன்னதில் இருந்த விஷயம் அப்போது எங்கள் ரெண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

மஞ்சுநாத் சொன்னது

லாரி நிற்கிற இடத்தில் என் தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மஞ்சுநாத் சொன்னது இதுதான். இரும்பு அறைக்குள் விடுகிறது ஒரு விஷ காஸ். எத்திலீன் ஆக்சைடு. கிருமியைக் கொல்கிறது மனுஷனை மட்டும் கொஞ்சுமா? பொட்டலத்துக்குள் புகுந்த காஸ் உடனே போகாது. சூடான ரூமில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அதற்குத்தான் அந்த ரூம். ஜாலி வழியாக நல்ல காற்று உள்ளே வர வேண்டும், எதிர்ச்சுவர் ஃபேன் வழியாகக் கெட்ட காற்று வெளியே போக வேண்டும். பெட்டிகள் ஆறுகிற வரைக்கும் மனுஷர்கள் உள்ளேயே போகக்கூடாது.

"வாசனை வரலையே?" என்றேன்.

"மூக்குக்குத் தெரியற அளவுக்கு வந்துட்டா அப்பவே ரொம்ப ஜாஸ்தின்னு அர்த்தம் மேடம். அதுக்குத்தான் இந்த மீட்டர். இன்னொரு கம்பெனில இதே மாதிரி ரூம்ல ஃபேன் மாட்டப் போனேன். மீட்டர் இல்லாம வாசல்கிட்டயே விடல."

தலைவலி வரும், கண் எரியும், குமட்டும், நாள்பட்டால் கேன்சர்கூட வரும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பிறகு தயங்கித் தயங்கி, "ப்ரெக்னன்ட் லேடீஸ் பக்கத்துலயே போகக்கூடாதுன்னு அங்க போர்டு போட்டிருந்தாங்க" என்றார்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பாவம், டிபன் பாக்ஸை என்ன செய்வதென்று தெரியாமல் மூடியை மூடி மூடித் திறந்தார்.

மெஷினை நிறுத்தியவள்

ஸ்ரீதர் சார் வந்தார். முதலில் மீட்டர் ரிப்பேர் என்றார். அப்புறம் இவ்வளவு வருஷமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்றார். இதற்குள் லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். பாதிப் பேருக்கு நம்பிக்கை வரவில்லை. "இன்னிக்கி ஒருத்தரு மிஷின் கத்துச்சுன்னு வெயில் ரூமைப் பூட்டிட்டா நாங்க ஐஸ் சோறா துன்றது?" என்று ஒருத்தி என்னையே முறைத்தாள்.

ஜெகதாக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மஞ்சுநாத்திடம் போய் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அந்த ஜாலில அட்டை ஒட்டியிருந்தா இன்னா ஆவும்?"

"காத்தே உள்ள வராதும்மா. காஸ் பூரா அங்கயே நிக்கும்."

அவள் முகத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மறு நிமிஷம் நேராக ஹாலுக்குள் போனாள். சீல் போடுகிற மெஷினின் சுவிட்சை அணைத்தாள். அது நின்றால் லைன் முழுக்க நிற்கும். ஸ்ரீதர் சார் பின்னாலேயே ஓடினார்.

"என்னம்மா பண்றே? சாயங்காலம் லாரி வருது."

"வரட்டும். அந்த ரூமுக்குள்ள இன்னா இருக்குதுன்னு எங்களுக்கு யாராச்சும் ஒரு வார்த்த சொன்னீங்களா சார்? எத்தினி பொண்ணுங்கள நான் அந்த ஸ்டூல்ல குந்த வெச்சிருக்கேன் தெரியுமா? வேற மீட்டரு கொண்டாங்க. அது கத்தலன்னா நான் மிஷினைப் போடறேன். கத்துச்சுன்னா நீங்க வந்து உள்ள குந்துங்க."

வேறு மீட்டர் மறுநாள் வந்தது. கத்தியது. ஸ்ரீதர் சார் உள்ளே உட்காரவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் மீட்டர் ரிப்பேர் என்று சொல்லவும் இல்லை.

அட்டையைப் பிய்த்தார்கள். ஃபேன் மாற்றினார்கள், சுவரில் அலாரம் மாட்டினார்கள், ரூமுக்குப் பூட்டுப் போட்டார்கள். உள்ளே போக வேண்டிய ஆளுக்கு முகமூடி வந்தது. சாப்பிட வேறு இடத்தில், ஹீட்டரோடு, ஒரு ரூம் வந்தது. தமிழிலும் கன்னடத்திலும் போர்டு எழுதி மாட்டினார்கள். அந்த போர்டை முதல் நாளே மாட்டியிருந்தால் என்ன கேடு என்று எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஜெகதாக்கா அட்டை ஒட்டினாள், உண்மைதான். பாசத்தில் ஒட்டினாள். அது எந்த ரூம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி பெஞ்சில்

மறுநாள் வேறு மீட்டர் வந்து இதெல்லாம் நடந்தபோது நான் கம்பெனியில் இல்லை. மூன்று மாதத்துக் கருவோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கௌதமன். வழக்கமாக அரை நிமிஷம் வாய் மூடாத மனுஷர் அன்றைக்கு ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிக பயமாக இருந்தது.

டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். நான் சொன்னதையெல்லாம் கடைசி வரைக்கும் கேட்டார்.

"இப்ப ஹார்ட் பீட் நல்லா இருக்கு. ஆனா குழந்தை ஒழுங்கா உருவாகியிருக்கான்னு பாக்க இன்னும் ரெண்டு மாசம் ஆகும் விமலா. அப்ப ஒரு பெரிய ஸ்கேன் எடுப்போம். அது வரைக்கும் காத்திருக்கணும். அந்த ரூம் பக்கம் போகவே கூடாது."

நான் தயங்கித் தயங்கி, போன தடவை கலைந்ததைக் கேட்டேன். அப்போதும் அந்த ஸ்டூல்தான்.

"அதனாலதான்னு நிச்சயமா சொல்ல முடியாதும்மா. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"என் உடம்பு சூடுன்னு…"

"யார் சொன்னாங்க? உங்க உடம்பு மேல ஒரு தப்பும் இல்ல."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அடுத்த பேஷண்டைக் கூப்பிட மணியும் அடித்துவிட்டார். நான் எழுந்திருக்க முடியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பயத்தில் அழுகிறேன் என்று நினைத்து கௌதமன் முதுகைத் தடவினார். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அழுகை வேறு. என் மேலேயே நான் வைத்திருந்த பழியை ஒருத்தர் எடுத்துக் கீழே வைத்த அழுகை.

அந்த ரெண்டு மாதம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் மனசு அமைதியாகும் என்பார் மாமனார். உட்கார்ந்தேன். புத்தர் அமைதியாக இருந்தார், நான் இல்லை. அம்மா வெந்தயத்தை நிறுத்தவில்லை. "காஸோ கீஸோ, குளிர்ச்சி நல்லதுதான்" என்றாள். குடித்தேன்.

ஸ்கேன் அன்றைக்கு டாக்டரம்மா திரையை என் பக்கம் திருப்பினார். இதோ முதுகெலும்பு, இதோ இதயம், நாலு அறையும் இருக்கு, இதோ கை, கட்டை விரலை வாயில் வைத்திருக்கு பாருங்க என்றார். எனக்கு மழை பெய்கிற டி.வி. மாதிரிதான் தெரிந்தது. "எல்லாம் சரியா இருக்கு" என்று அவர் சொன்னது மட்டும் காதில் நன்றாக விழுந்தது. வெளியே வந்து கௌதமன் முதலில் கேட்டது, "பசிக்குது, மசால் தோசை சாப்பிடலாமா?" என்று. ஜோக்கடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று தெரிந்ததும்தான் எனக்கு முழு நிம்மதி வந்தது. ஆளுக்கு ரெண்டு தோசை சாப்பிட்டோம். நாக்கில் ஆணி ருசி போய், வெண்ணெய் ருசி வந்திருந்தது.

பேசாமல் போனவள்

ஒரே ஒரு குறை. ஜெகதாக்கா என்னோடு பேசவில்லை.

நான் வேறு பகுதிக்கு மாறி வேலைக்குப் போன பிறகும் சாப்பிடும்போது தள்ளிப் போய் உட்கார்ந்தாள். வேனில் முன் சீட்டுக்கு மாறிக்கொண்டாள். ஸ்கேன் நல்லபடியாக வந்ததைச் சொல்லப் போனேன். கேட்டாள், தலையை ஆட்டினாள்.

"பொறக்கட்டும். மொதல்ல நல்லபடியா பொறக்கட்டும். அப்பறம் பேசலாம்."

"அக்கா, உன் மேல இன்னாக்கா தப்பு?"

"போ விமலா, வேலையப் பாரு."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தலையில் நாலு குட்டு குட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

நாள் நெருங்கி, வலி எடுத்து, ஒரு காலை நேரத்தில் பெண் பிறந்தாள். பிறந்த கையோடு போட்டாள் ஒரு சத்தம், மஞ்சுநாத்தின் மீட்டர் தோற்றது. குழந்தை டாக்டர் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, "குரல் கொஞ்சம் அதிகம், மத்தபடி ஒரு குறையும் இல்ல" என்றார். குரல் அம்மா வழி என்று சொல்லி கௌதமன் தப்பித்துக்கொண்டார்.

மறுநாளே ஜெகதாக்கா வந்தாள். வந்தவள் குழந்தையைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்தாள். அப்புறம் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்து கையில் வாங்கினாள். துணியை விலக்கி விரல்களைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், பாதத்தைப் பார்த்தாள். குழந்தை வீறிட்டது. "அழுவட்டும், அழுவட்டும்" என்று சொல்லி அவளும் அழுதாள். அழுது முடித்து என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அப்பாடா என்று இருந்தது.

குழந்தை தூங்கிய பிறகும் அவள் தரவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"விமலா, எனுக்குப் போனதும் இந்த காஸுனாலதானா?"

"தெரியலக்கா. என்னோடதுக்கே டாக்டரம்மா நிச்சயமா சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

குழந்தையின் துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"அப்ப எங்க வூட்டுக்காரு வண்டிலதான் தெனம் வேலைக்கி வருவேன். ஒருநாளு எலக்ட்ரானிக் சிட்டிகிட்ட ஒரு ஸ்பீட் பிரேக்கரு. அந்தாளு கவனிக்கல. வண்டி தூக்கிப் போட்டுச்சு. அந்த வாரமே போயிடுச்சு. நீதான்யா என் புள்ளையக் கொன்னவன்னு சொன்னேன். அப்ப மட்டும் இல்ல. எப்ப சண்ட வந்தாலும் கடைசியா அதத்தான் எடுப்பேன். அதோட அவரு வாய் மூடிரும். இத்தினி வருசத்துல ஒரு வார்த்த திருப்பிச் சொன்னதில்ல."

அவள் வீட்டுக்காரர் முருகேசண்ணனை எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்குப் போனால் டீ போட்டுக் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொள்கிற மனுஷர். கூச்ச சுபாவம் என்று நான் நினைத்திருந்தேன்.

"நிச்சயமா சொல்ல முடியாதுன்னா சொன்னாங்க டாக்டரு?"

"ஆமாக்கா."

"படிச்சவங்களுக்கே நிச்சயமா தெரியலியே. நான் எப்படி விமலா அவ்ளோ நிச்சயமா சொன்னேன்?"

  குழந்தையை என் பக்கத்தில் படுக்கவைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கீழதான் நிக்கிறாரு. வார்டுக்குள்ள ஆம்பளைங்கள வுடல. அவருகிட்ட இதப் போய்ச் சொல்லிட்டு வரேன்."

அவள் படியிறங்குகிற சத்தம் கேட்டது. தையல் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு எழுந்து ஜன்னலருகே போனேன். கேட்டுக்குப் பக்கத்தில் முருகேசண்ணன் கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றிருந்தார். ஜெகதாக்கா அவர் எதிரில் போய் நின்று ஏதோ சொன்னாள். அவர் புரியாத மாதிரி குனிந்து கேட்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள்.

அண்ணன் பையைக் கீழே வைத்தார். பிறகு, போகிற வருகிற ஜனங்களுக்கு நடுவில், அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெகதாக்காவும் அவரை ஒட்டி உட்கார்ந்தாள்.